கிளீன் டோனில் மட்டும் உடைசல்: டிஜிட்டல் எஃபெக்ட்ஸில் லெவலை எங்கே குறைக்க வேண்டும்?

கேள்வி இதுதான். ஹம்பக்கர் (பலமான சிக்னல் தரும் இரட்டைச் சுருள் பிக்கப்) பொருத்திய கிட்டார், அதிலிருந்து ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் பெடல், அங்கிருந்து பவர்டு ஸ்பீக்கர். ரெக்கார்ட் செய்ய அதே பெடலிலிருந்து யூஎஸ்பி வழியாக லேப்டாப். கிளீன் பிரீசெட்டில் (சேமித்து வைத்த ஒலி அமைப்பில்) அழுத்தி ஸ்ட்ரம் செய்தால் ஒவ்வொரு அடியின் தொடக்கத்திலும் 'கர்ர்' என்று ஓர் உடைசல். டிஸ்டார்ஷன் பிரீசெட்டில் அது கேட்பதில்லை. மாஸ்டர் வால்யூமைக் குறைத்தால் சத்தம் குறைகிறதே தவிர உடைசல் போகவில்லை. கேபிளையும் மாற்றியாயிற்று. பெடல் பழுதா?

பெரும்பாலும் இல்லை. சிக்னல் எங்கோ ஓரிடத்தில் உச்சவரம்பைத் தாண்டுகிறது, அவ்வளவுதான். இதில் பலரும் செய்வது கைக்கு எட்டிய வால்யூமை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் குறைத்துப் பார்ப்பது. அதனால் டோன் கெடும், உடைசல் அப்படியே இருக்கும். முதலில் எந்த இடத்தில் கிளிப் ஆகிறது, அதாவது அலையின் தலை வெட்டுப்படுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கேள்வியிலேயே இரண்டு துப்பு இருக்கிறது: கிளீனில் மட்டும் வருகிறது, மாஸ்டருக்கு மசியவில்லை.

முதல் துப்பு பலரைக் குழப்பும். டிஸ்டார்ஷன்தானே பலமான சிக்னல், அதில் அல்லவா கிளிப் ஆக வேண்டும்? நிலைமை நேர்மாறானது. பிக் கம்பியில் படும் அந்த முதல் சில மில்லி வினாடிகளில் வோல்டேஜ் சட்டென்று எகிறும், பிறகு நோட் அடங்கி நீளும். கிளீன் டோனில் இந்த முகடு அப்படியே வெளியே வருகிறது. சராசரி அளவைவிட 15 டெசிபல் மேலே போவது சாதாரணம். டிஸ்டார்ஷன் என்பதே முகடுகளை நசுக்கும் வேலை. அதில் முகட்டுக்கும் சராசரிக்கும் இடைவெளி மிகக் குறைவு. நம் காது சத்தத்தை ஏறக்குறைய சராசரியை வைத்துத்தான் மதிப்பிடுகிறது. ஆக, இரண்டு பிரீசெட்டையும் காதுக்குச் சமமாக வைத்தீர்கள் என்றால், கிளீனின் முகடு டிஸ்டார்ஷனின் முகட்டைவிட 10 டெசிபல் உயரத்தில் நிற்கலாம். வோல்டேஜ் கணக்கில் அது மூன்று மடங்குக்கும் மேல்.

அந்த முகடு முட்டும் கூரை டிஜிட்டலில் கறாரானது. சிக்னலை எண்களாக மாற்றும் 24-பிட் கன்வெர்ட்டரில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 83,88,607. மீட்டரில் 0 என்று காட்டுவது அதைத்தான். அதற்கு மேல் எது வந்தாலும் அதே எண்தான் எழுதப்படும். அலையின் தலை தட்டையாகச் சீவப்பட்டுவிடும். வால்வு ஆம்பிலோ, டியூப் ஸ்க்ரீமர் மாதிரி டையோடு வைத்த பெடலிலோ வளைவு மெல்ல மெல்ல வரும். டிஜிட்டலில் அந்த மெல்ல என்பதே கிடையாது.

இன்னொன்றும் நடக்கிறது. டிஜிட்டல் கிளிப்பிங் காதுக்கு இவ்வளவு அசிங்கமாக இருப்பதற்கு அதுவே முக்கியக் காரணம் என்பேன். அலையைச் சீவினால் புதிய ஹார்மோனிக்குகள் (நோட்டின் அதிர்வெண்ணின் மடங்குகள்) பிறக்கும். 48 கிலோஹெர்ட்ஸில் ஓடும், அதாவது வினாடிக்கு 48,000 முறை சிக்னலை அளக்கும் பெடலில், அதில் பாதியான 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள எதையும் சரியாகக் குறிக்க முடியாது. அவை மடிந்து கீழே வந்து விழும். முதல் கம்பியின் 24-ஆவது ஃப்ரெட் சுமார் 1318.5 ஹெர்ட்ஸ். அதன் 35-ஆவது ஹார்மோனிக் 46 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிவிடுகிறது. அது மடிந்து ஏறத்தாழ 1852 ஹெர்ட்ஸில் வந்து உட்காரும். நீங்கள் வாசித்த நோட்டுக்கும் அந்த 1852-க்கும் ஸ்வர உறவே இல்லை. அதனால்தான் இது ஓவர்டிரைவ் மாதிரி நோட்டோடு ஒட்டாமல் தனியாகக் கரகரக்கிறது. நல்ல டிஸ்டார்ஷன் மாடல்கள் இந்த மடிப்பைத் தவிர்க்கவே உள்ளுக்குள் சாம்பிள் ரேட்டைப் பல மடங்கு உயர்த்திக் கணக்குப் போடுகின்றன. தற்செயலாகக் கூரையில் முட்டும் சிக்னலுக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை.

சரி, எங்கே முட்டுகிறது? உள்ளே நுழையும் சிக்னலை எண்ணாக்கும் ஏ/டி கன்வெர்ட்டர், நடுவில் உள்ள பிளாக்குகள் (பிரீசெட்டில் உள்ள ஒவ்வோர் எஃபெக்ட்டும் ஆம்ப் மாடலும்), எண்ணை மறுபடி சிக்னலாக்கி வெளியே அனுப்பும் டி/ஏ கன்வெர்ட்டர், அதற்கு அப்பால் இருக்கும் ஸ்பீக்கரோ ஆம்போ மிக்சரோ. இந்த நான்கைத் தவிர வேறு இடம் இல்லை.

நடுப்பகுதி பற்றி ஒரு விஷயம் தெரிந்தால் தேடல் பாதியாகக் குறையும். ஹீலிக்ஸ் மல்டி எஃபெக்ட்ஸில் உள்ள ஷார்க் வகைச் சிப்புகளிலும், லேப்டாப் மென்பொருள்களிலும் கணக்கு ஃப்ளோட்டிங் பாயின்ட்டில் (மிகப் பெரிய எண்ணுக்கும் இடம் தரும் முறையில்) நடக்கிறது. அங்கே ஒரு பிளாக்கின் வெளியீடு 0-வைத் தாண்டி 10 டெசிபல் மேலே போனாலும், அடுத்த பிளாக்கில் இறக்கிவிட்டால் சேதம் எதுவும் இல்லை. ஆம்ப், டிரைவ் மாடல்கள் மட்டும் வந்து சேரும் லெவலைப் பொறுத்து அழுக்காகும், ஆனால் அது வேண்டுமென்றே அப்படிச் செய்யப்பட்டது. எண்ணுக்கு நிலையான உச்சவரம்பு உள்ள ஃபிக்ஸட் பாயின்ட் சிப்புகளின் கதை வேறு. பல சிறு நிறுவனங்களின் ரிவர்ப் பெடல்களில் இருக்கும் எஃப்வி-1 சிப் 24-பிட் ஃபிக்ஸட் பாயின்ட். ஒவ்வொரு கூட்டலிலும் வரம்பு தாண்டினால் அங்கேயே சீவல்தான். பிடி2399 வைத்த டிலே பெடல்கள் 5 வோல்ட்டில் ஓடும் சிப்பை நம்பியிருக்கின்றன. பூஸ்ட்டுக்குப் பின்னால் வைத்தால் சீக்கிரம் உடையும். கேள்வியில் உள்ளது போன்ற இன்றைய மல்டி எஃபெக்ட்ஸ் என்றால், நடுவைவிட இரண்டு முனைகளையே முதலில் சந்தேகிக்கலாம்.

இப்போது சோதனை. ஒரு புதிய, காலியான பிரீசெட்டை எடுங்கள். ஆம்ப், கேப் (ஸ்பீக்கர் பெட்டியின் மாடல்), ரிவர்ப் எதுவும் வேண்டாம். கிட்டார் வால்யூம் முழுசாக, பிரிட்ஜ் பிக்கப்பில், மேடையில் ஆவேசமாக அடிப்பதுபோல ஆறு கம்பிகளையும் அடியுங்கள். உடைசல் வந்தால் உள்ளே நுழையும் இடத்திலேயே சிக்கல். கிட்டார் வால்யூமைப் பாதியாக்கினால் சுத்தமாகிறதா என்று பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். காலி பிரீசெட்டில் சுத்தமாக இருந்தால், உள்ளீடு சரி. குற்றவாளி பிரீசெட்டுக்குள் இருக்கிறது.

இந்தச் சோதனை எதற்கு, டிஸ்டார்ஷனில் உடைசல் இல்லையே, அப்படியென்றால் உள்ளீடு சரி என்றுதானே அர்த்தம் என்று கேட்கலாம். இல்லை. டிஸ்டார்ஷன் உள்ளீட்டுக் கிளிப்பிங்கை மறைத்துவிடும். ஏற்கெனவே சீவப்பட்ட அலையை ஆம்ப் மாடல் இன்னும் பத்து மடங்கு சீவும்போது முதல் வெட்டு காதுக்குத் தெரியாது.

மாஸ்டர் விஷயமும் இதோடு சேர்ந்ததே. பல கருவிகளில் மாஸ்டர் குமிழ் டி/ஏ கன்வெர்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். கருகிய தோசையைச் சின்னதாகப் பிய்த்துக் கொடுத்தாலும் கருகல் கருகல்தான். கிளிப் ஆன சிக்னலைக் குறைத்தால் சின்னதாகக் கிளிப் ஆன சிக்னல் கிடைக்கும். உங்களுக்கு மாஸ்டர் குறைத்தும் உடைசல் அதே விகிதத்தில் தொடர்வதால், அது மாஸ்டருக்கு முன்னால்தான் நடக்கிறது. ஸ்பீக்கரின் மேல் பழி இல்லை.

உள்ளீட்டில் சிக்கல் என்று தெரிந்தால் தீர்வு எளிது. மெனுவில் இன்புட் பேட் (உள்ளே வரும் சிக்னலைக் குறைக்கும் அமைப்பு) என்று ஒன்று இருந்தால் அதை ஆன் செய்யுங்கள். இன்புட் லெவல் அல்லது டிரிம் இருந்தால் குறையுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: ஃபிராக்டலின் ஆக்ஸ் எஃப்எக்ஸ் மாதிரிக் கருவிகளில் இன்புட் லெவலைக் குறைத்தால், கன்வெர்ட்டரைத் தாண்டியதும் அதே அளவு தானாக ஏற்றிக் கொடுத்துவிடும், டோன் மாறாது. மற்ற பலவற்றில் அந்த ஈடு கிடையாது, அதனால் ஆம்ப் மாடலின் டிரைவும் சேர்ந்து குறையும். குறைத்த அளவை ஆம்ப் பிளாக்கின் முன்னால் ஏற்றிக்கொண்டால் பழைய டோன் திரும்பிவிடும். கிட்டாரிலேயே சரிசெய்ய வேண்டுமானால், பிக்கப்பின் உயரத்தை ஓரிரு மில்லிமீட்டர் இறக்குவது நிறைய பேர் மறந்துவிடும் வழி. சூடான ஹம்பக்கர்களில் அது முகட்டை நன்றாக அடக்கும்.

பெடலுக்கு முன்னால் பூஸ்ட் அல்லது ஓவர்டிரைவ் வைத்திருந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 9 வோல்ட்டில் ஓடும் ஒரு பூஸ்ட், லெவலை முழுசாகத் திருகினால், முகட்டிலிருந்து பள்ளம் வரை 9 வோல்ட்டை நெருங்கும் அலையைக் கொடுக்க முடியும். அது சுமார் 12 டிபியூ (வோல்டேஜை டெசிபலில் சொல்லும் அளவு). நிறைய ஆடியோ இன்டர்ஃபேஸ்களின் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் கருவிகளின்) கிட்டார் உள்ளீடு, கெயின் பூஜ்ஜியத்தில் இருக்கும்போதே தாங்கும் உச்சம் கிட்டத்தட்ட அந்த அளவுதான். சிலர் ஹெட்ரூம் (கிளிப் ஆகும் வரை உள்ள இடைவெளி) கிடைக்கும் என்று பூஸ்ட்டை 18 வோல்ட்டில் ஓட்டுவார்கள். பூஸ்ட்டுக்கு ஹெட்ரூம் கிடைக்கும். அடுத்து நிற்கும் டிஜிட்டல் பெடலுக்கு அடிதான் கிடைக்கும்.

எவ்வளவுக்கு வைப்பது? ஆக அழுத்தி அடிக்கும்போது மீட்டரில் முகடு -12 டெசிபலுக்கும் -6 டெசிபலுக்கும் இடையில் வந்தால் போதும். சிவப்பு விளக்கைத் தொட்டுத் தொட்டு வைக்க வேண்டும் என்ற பழைய அறிவுரைக்கு ஒரு காலத்தில் அர்த்தம் இருந்தது. 1983-இல் வந்த பாஸ் டிடி-2 டிலே 12-பிட். ஒரு பிட்டுக்கு 6 டெசிபல் வீதம் மொத்தமே 72 டெசிபல். அதில் 12-ஐ வீணாக்கினால் இரைச்சல் மேலே வந்துவிடும், எனவே நிரப்பித்தான் ஆக வேண்டும். 24-பிட்டில் 12 டெசிபல் விட்டுவிட்டாலும் ஏட்டளவில் 132 டெசிபல் மிச்சம். நல்ல கன்வெர்ட்டர்களே நடைமுறையில் 120 பக்கம்தான் தருகின்றன. அறையில் ஓடும் டியூப்லைட்டும் அடாப்டரும் உங்கள் பிக்கப்பில் ஏற்றும் ஹம் இதையெல்லாம்விடப் பல மடங்கு மேலே இருக்கிறது. ஆகவே தாழ்வாக வைப்பதால் நீங்கள் இழப்பது எதுவும் இல்லை.

காலி பிரீசெட் சுத்தமாக இருந்ததென்றால், கிளீன் பிரீசெட்டைத் திறந்து பிளாக்குகளைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வாருங்கள். எதை அணைத்ததும் உடைசல் போகிறதோ, லெவலை ஏற்றுவது அதுதான். என் ஊகம் கம்ப்ரெசர். கம்ப்ரெசர் முகட்டைக் குறைக்கும் கருவி, அது எப்படிக் கிளிப் செய்யும் என்று தோன்றும். அட்டாக் நேரம் 20, 30 மில்லி வினாடி என்று வைத்திருந்தால், பிக் விழும் அந்த முதல் முகடு கம்ப்ரெசர் விழித்துக்கொள்வதற்குள் தப்பிவிடும். அப்புறம் நோட்டின் உடலை அது அமுக்கும், நாம் சத்தம் குறைந்துவிட்டதென்று அவுட்புட் லெவலை 8 டெசிபல் ஏற்றுவோம். அந்த 8 டெசிபல் தப்பித்த முகட்டுக்கும் சேர்த்துத்தான். ஒவ்வொரு அடியின் தொடக்கத்தில் மட்டும் உடைசல் என்று நீங்கள் சொன்னது இதோடு அப்படியே பொருந்துகிறது. அட்டாக்கை 5 மில்லி வினாடிக்குக் கீழே கொண்டுவாருங்கள், அல்லது அவுட்புட்டை இறக்குங்கள். பிக்கின் கடி பிடிக்கும் என்றால் இரண்டாவதே நல்லது.

மற்ற சந்தேகப் பேர்வழிகள்: வா பெடலின் ரெசனன்ஸ், ஈக்யூவில் ஏற்றிய பேஸ், சில கேப் ஐஆர்கள் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் பதிந்த ஃபைல்கள்). சிக்னலை இரண்டு பாதையாகப் பிரித்து மறுபடி சேர்க்கும் பிரீசெட்டுகளும் அதில் அடக்கம். ஒரே மாதிரி சிக்னல் இரண்டு சேர்ந்தால் நேராக 6 டெசிபல் ஏறும். ஸ்டீரியோவை மோனோவாக எடுத்தாலும் இதே கதை வரலாம். டிலேயின் ஃபீட்பேக்கையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். எல்லா எதிரொலியும் ஒன்றன் மேல் ஒன்றாகச் சரியாகப் பொருந்தும் மோசமான நிலையில், 50 சதவீத ஃபீட்பேக் இரண்டு மடங்கு வரையும் 80 சதவீதம் ஐந்து மடங்கு வரையும் குவியும். ஐந்து மடங்கு என்றால் 14 டெசிபல்.

எந்தப் பிளாக் என்று தெரிந்த பிறகும் லெவலை எந்தக் குமிழில் குறைக்கிறோம் என்பது முக்கியம். ஆம்ப் பிளாக்கில் டிரைவையும், ஆம்பின் சொந்த மாஸ்டரையும் தொடாதீர்கள். அவை டோனோடு பின்னியவை. சேனல் வால்யூம், பிளாக் லெவல், அவுட்புட் என்று ஏதோ ஒரு பெயரில் இருக்கும் சுத்தமான லெவல் கட்டுப்பாட்டைக் குறையுங்கள். 6 டெசிபல் குறைத்தால் பெரும்பாலான கிளீன் பிரீசெட்டுகள் அமைதியாகிவிடும்.

அப்படிக் குறைத்ததும் புதுப் பிரச்சினை வரும்: டிஸ்டார்ஷன் பிரீசெட் இப்போது அதிகச் சத்தமாகத் தெரியும். இந்த இடத்தில்தான் பலர் கிளீனை மறுபடி ஏற்றி, சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறார்கள். கிளீனை முதலில் அதன் உச்சத்தில், முகட்டுக்கு ஒரு 3 டெசிபலாவது இடம் விட்டு நிறுத்துங்கள். மற்ற எல்லாப் பிரீசெட்டையும் அதற்குச் சமமாகக் கீழே இறக்குங்கள். டிஸ்டார்ஷன் பிரீசெட்டின் மீட்டர் பாதிதான் எழும்பும், எழும்பட்டும். குறைந்த சத்தத்தை ஸ்பீக்கரில் ஏற்றிக்கொள்ளலாம். சமப்படுத்தும் வேலையை நிகழ்ச்சியில் வாசிக்கும் சத்தத்தில் செய்வது நல்லது. சத்தம் குறையக் குறைய நம் காது பேஸையும் உச்ச அதிர்வெண்களையும் குறைத்தே கேட்கும் என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். படுக்கையறையில் சமமாக இருந்த இரண்டு பிரீசெட் மேடையில் சமமாக இருக்காது.

பெடலைத் தாண்டிய பிறகு வரும் கிளிப்பிங் உங்கள் கேள்வியில் இல்லை, இருந்தாலும் பவர்டு ஸ்பீக்கரை விட்டு ஆம்புக்குப் போனால் மாட்டிக்கொள்வீர்கள் என்பதால் சொல்கிறேன். பெடலின் வெளியீட்டை லைன் என்று வைத்து ஆம்பின் முன்பக்க ஜாக்கில் செருகினால் ஆம்பின் முதல் நிலையே திணறும். அங்கே இன்ஸ்ட்ருமென்ட் என்று மாற்ற வேண்டும். ஸ்டுடியோ லைன் லெவலான பிளஸ் 4 டிபியூ என்பது 1.23 வோல்ட். வீட்டுக் கருவிகளின் மைனஸ் 10 டிபிவி என்பது 0.316 வோல்ட். கிட்டார் பெடல்கள் எதிர்பார்ப்பது இதைவிடவும் கீழே. ஆம்பின் எஃபெக்ட்ஸ் லூப்பில் பெடலைச் செருகும்போது இது தலைகீழாக அடிக்கும்: சில ஆம்புகளின் சென்ட் ஜாக் லைன் அளவில் அனுப்பும், கிட்டார் அளவை எதிர்பார்க்கும் பெடல் தன் உள்ளீட்டிலேயே கிளிப் ஆகும். ஆம்பின் பின்புறம் லெவல் சுவிட்ச் இருந்தால் தாழ்ந்த பக்கம் தள்ளுங்கள். பெடலில் லைன் உள்ளீட்டு அமைப்பு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

இனி லேப்டாப். யூஎஸ்பியில் பெடலிலிருந்து வரும் சிக்னல் ஏற்கெனவே எண்களாக மாறியது. பெடலின் உள்ளீட்டில் கிளிப் ஆகியிருந்தால், எஃபெக்ட் சேர்க்காத உலர்ந்த டிராக்கைத் தனியாக ரெக்கார்ட் செய்தாலும் அதில் வெட்டு பதிந்தே இருக்கும். ரெக்கார்டிங் மென்பொருளின் உள்ளே ஒரு சேனல் மீட்டர் சிவந்தால் பதற வேண்டாம், ஃப்ளோட்டிங் பாயின்ட் காப்பாற்றும். கடைசி மாஸ்டர் சேனல் சிவக்கக் கூடாது. 16-பிட்டாகவோ 24-பிட்டாகவோ ஏற்றுமதி செய்யும்போது அங்கே வெட்டு விழும். எம்பி3 ஆக்கப் போகிறீர்கள் என்றால் 1 டெசிபல் கூடுதலாக விடுங்கள், அந்தச் சுருக்கத்தில் முகடுகள் கொஞ்சம் நகர்ந்து உயரும்.

பெடல் இல்லாமல், இன்டர்ஃபேஸில் நேராகச் செருகி ஆம்ப் பிளகின் (ஆம்பைப் போல ஒலிக்கும் மென்பொருள்) வழியாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சராசரி -18-இல் இருக்க வேண்டும் என்று மிக்சிங் பாடங்களில் சொல்வதைக் கேட்டு கெயினை ஏற்றாதீர்கள். ஆம்ப் பிளகின் ஒரு குறிப்பிட்ட வோல்டேஜை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. கெயினைப் பூஜ்ஜியத்தில் வைத்து, இன்டர்ஃபேஸின் கையேட்டில் உள்ள உச்ச உள்ளீட்டு அளவையும் பிளகின் நிறுவனம் சொல்லும் அளவையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தைப் பிளகினின் இன்புட் குமிழில் ஈடுகட்டுங்கள். கிளிப்பிங்கும் வராது, ஆம்பும் நிஜ ஆம்ப் மாதிரி நடந்துகொள்ளும்.

கடைசியாக, எல்லாம் செய்தும் உடைசல் இருந்தால் அது கிளிப்பிங்தானா என்று பாருங்கள். கிளிப்பிங் உங்கள் கைக்குக் கட்டுப்படும்: மெதுவாக வாசித்தால் போகும், அழுத்தினால் வரும். மெதுவாக வாசிக்கும்போதும் இஷ்டத்துக்கு வந்து போகிறது என்றால், அதுவும் லேப்டாப்பில் மட்டும் என்றால், பஃபர் அளவு (லேப்டாப் ஒரு தடவையில் கையாளும் ஒலித் துண்டின் அளவு) போதவில்லை. 64 சாம்பிளிலிருந்து 256-க்கு ஏற்றிப் பாருங்கள். ஸ்பீக்கரிலும் வருகிறது என்றால் அடாப்டரைப் பாருங்கள். டிஜிட்டல் பெடல்களில் பல 300 மில்லி ஆம்பியருக்கு மேல் கேட்கும். நான்கு பெடலுக்கு ஒரே ஒயரில் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் சாதாரண அடாப்டர் அதற்குப் போதாது. பெடலோடு வந்த அடாப்டரையே தனியாகக் கொடுத்து, அதே காலி பிரீசெட்டை இன்னொரு முறை அடித்துப் பாருங்கள்.